நூம்பல் டைனோசர்

நாகவல்லிக்கு உட்காரத் தெரியாது. ஒரு காலத்தில் தெரிந்திருக்கலாம், இப்போது மறந்துவிட்டது. டீ குடிப்பதென்றாலும் நின்றுகொண்டுதான், அதுவும் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் தேய்த்துக்கொண்டே. சென்னை ஓரத்து நூம்பலில் ஒரு நாலு மாடி அடுக்ககத்தில் மாடிப்படி துடைப்பதும் நடை பெருக்குவதும் அவள் வேலை. வேலை முடிந்த பிறகும் துடைத்த படியையே இன்னொரு தடவை துடைத்துக்கொண்டிருப்பாள். "அதுக்குக் கால்ல சக்கரம்" என்று வாட்ச்மேன் சிரிப்பார். அவர் புதுசு, அவருக்குத் தெரியாது. அவள் மகன் அருள் செத்ததிலிருந்து இப்படி.

அருள் விழுந்தது வானகரம் பக்கத்துப் பைபாஸில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து பைக்கில் வந்தவன். இடித்தது லாரியா வேனா என்று இன்றுவரை தெரியாது. விழுந்த இடம் மட்டும் தெரியும். காரியம் முடிந்ததும் நாகவல்லி அங்கே போய், ரோட்டோரத்தில் செங்கல் அடுக்கி, காற்றுப் படாமல் உள்ளே ஓர் அகல் ஏற்றி வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போனால் செங்கல்லும் இல்லை, அகலும் இல்லை. மறுபடி வைத்தாள். மறுபடியும் இல்லை. அடுத்த தடவை அவள் செங்கல் அடுக்கும்போதே ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ரோட்டு ஆள் ஒருவன் வந்து, "இங்க ஒண்ணும் வெக்கக் கூடாதும்மா, வண்டி ஏறும்" என்றான். தன்மையாகத்தான் சொன்னான், பாவம். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அந்த இடத்தில் விடிந்தால் அடைந்தால் வண்டி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

எடுத்துக்கொண்டு போன அகலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர அவளுக்கு மனசு வரவில்லை. வருகிற வழியில் ஏரிக்கரையம்மா முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான்.

ஏரிக்கரையம்மா என்றால் ஏதோ கோயில், கோபுரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரி போய்விட்டது, கரையும் போய்விட்டது, மிச்சம் அம்மா மட்டும். அடுக்ககத்தின் வாசலை ஒட்டி, மின்கம்பத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி ஏறிக் கறுத்துப் போன கல். அதன் வயிற்றுப் பக்கமா மார்புப் பக்கமா என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் பித்தளைக் கண்மலர் இரண்டு, மெழுகு வைத்து ஒட்டியிருக்கும். அந்தக் கண் இரண்டும் இல்லாவிட்டால் அது சாமி என்று யாருக்கும் தெரியாது.

நாகவல்லியின் மாமியார் அன்னம்மாள் சாகும் முன்னால் மருமகளிடம் ஒப்படைத்த சொத்து இந்தக் கல் ஒன்றுதான். கூடவே ஒரு கட்டளை: "பிசுக்கச் சுரண்டக் கூடாது. அது அம்மாவோட தோலு. சுரண்டினா ரத்தம் வரும்." ஆகவே அந்தக் குடும்பத்தில் யாரும் சுரண்டியதில்லை. ஆடி தோறும் பழைய எண்ணெய்மேல் புது எண்ணெய், பழைய மஞ்சள்மேல் புது மஞ்சள். அம்மா வருஷா வருஷம் ஒரு சுற்றுப் பருத்துக்கொண்டே வந்தாள்.

நாகவல்லி அந்தக் கல்லிடம் வேண்டுவது கிடையாது. சண்டை போடுவாள். விடிந்ததும் அகலை ஏற்றிவிட்டு, துடைப்பத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். "உனுக்குக் கண்ணு மெய்யாலுமே கீதா, இல்ல சும்மா ஒட்டிகினு கீதா? அன்னிக்கு வானகரம் பக்கம் திரும்பிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்குமா உனுக்கு?" இப்படிக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குள் நுழைவாள். கேட்காத நாள் அவளுக்குச் சோறு இறங்காது. பிள்ளையைப் பற்றிப் பேச அவளுக்கு வேறு ஆளும் இல்லை. புருஷன் தங்கவேல் ஜேசிபி ஓட்டுகிறவன். மகன் பெயரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். வானகரம் பக்கம் வேலை வந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவான்.

இந்தக் கல்லுக்குத்தான் வந்தது வினை.

மழைநீர்க் கால்வாய்க்கு வாசல் ஓரம் பள்ளம் எடுத்தார்கள். எடுத்தது தங்கவேல்தான். பக்கெட்டைப் பார்த்துப் பார்த்து இறக்கி, கல்லைத் தொடாமல் சுற்றியிருந்த மண்ணை வழித்தான். மண் போகப் போகக் கல் வளர்ந்துகொண்டே வந்தது. முழங்கால் உயரக் கல் இடுப்பு உயரக் கல் ஆயிற்று. இத்தனை காலம் அம்மா பாதி மண்ணுக்குள் இருந்திருக்கிறாள்! அழுக்கோடு அழுக்காக ஓர் உருவமும் தெரிந்தது. பெரிய உடம்பு ஒன்று. அதன் முதுகு நெடுக வரிசையாக முக்கோணம் முக்கோணமாகத் துருத்திக்கொண்டு ஏதோ. உடம்பிலிருந்து சாய்வாக ஒரு கழுத்து போல. கீழே குங்குமமும் மண்ணும் சேர்ந்து கட்டிதட்டிப் போன பீடம்.

அடுக்ககத்துச் சங்கச் செயலாளர் திருமுருகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், தென்காசிக்காரர், குரலை உயர்த்தாத மனுஷன். அவர் வந்து பார்த்துவிட்டு, "நாகவல்லிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய கேட் போடணும். நாளைக்கே ஒரு தீ விபத்துன்னா ஃபயர் எஞ்சின் இந்தக் கல்லைத் தாண்டி உள்ளே திரும்ப முடியாது. தெருமுனைப் பிள்ளையார் கோயில்ல மரியாதையா கொண்டு போய் வச்சிருவோம்" என்றார்.

நியாயமாகப் பேசுகிறவனிடம் சண்டை போடுவது கஷ்டம். பிள்ளைக்கு வைத்த விளக்கை ஏற்கெனவே ஓர் இடத்திலிருந்து துரத்திவிட்டார்கள். இப்போது இங்கிருந்துமா? அன்றைக்கு மாடிப்படியை அவள் துடைத்த துடைப்பில் படியின் மொசைக்கே தேய்ந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஆவடியிலிருந்து வினோத் வந்து இறங்கினான். யூடியூப்காரன். எங்கே பாழடைந்த கல் கிடந்தாலும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான், படுத்துப் படம் எடுத்தான், பிறகு எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"யக்கா! இது இன்னான்னு தெரியுமா உனுக்கு?"

"ஏரிக்கரையம்மா."

"டைனோசர்க்கா! முதுகுல பாரு, தட்டு தட்டா. இந்தா கழுத்து. தோ இத்தினூண்டு தலை. நம்ம பாட்டன் பூட்டனுங்க டைனோசர நேர்ல பாத்துகிறாங்க. பாக்காம எப்டிக்கா செதுக்க முடியும்? நீ இன்னா, அதோட வயித்துல போயி கண்ண ஒட்டி வெச்சிகீற! எடுத்து மேல தலையில ஒட்டுக்கா, வீடியோவுக்கு எடுப்பா இருக்கும்."

"கண்ணு மேல கை வெச்சே, மவனே, கைய முறிச்சுடுவேன்" என்றாள் நாகவல்லி.

அவன் கண்ணை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டு போனான். 'டைனோசரோடு வாழ்ந்த தமிழன்! நூம்பலில் கல் ஆதாரம்!' என்று அவன் போட்ட வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. வேலப்பன்சாவடிக் கல்லூரிப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்து கல்லோடு செல்ஃபி எடுத்தார்கள். நேற்றுவரை குப்பைத் தொட்டியைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு போன அடுக்ககத்துக்காரர்கள், "எங்க அபார்ட்மென்ட் டைனோசர்" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

திருமுருகனும் நாகவல்லியைக் கூப்பிட்டார். "இது உண்மைன்னா இங்கேயே இருக்கட்டும். கண்ணாடிக் கூண்டு போட்டு போர்டு வைப்போம், கேட்டை எப்படியாவது தள்ளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால வினோத் நிரூபிக்கிறேன்னு சொல்லியிருக்கார். இல்லேன்னா திங்கக்கிழமை ஜேசிபி வரும்மா. அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது."

ஆக, அம்மா அம்மாவாக இருந்தால் இடம் கிடையாது; டைனோசராக இருந்தால் கண்ணாடிக் கூண்டு. நாகவல்லி ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். இருந்துவிட்டுப் போகட்டும், டைனோசராகவே இருக்கட்டும். விளக்கு வைக்க இடம் இருந்தால் போதும்.

அந்த வாரம் அவள் பட்ட அவஸ்தையை அந்தக் கல்லுதான் அறியும். டைனோசர் என்ற பெயரையே அப்போதுதான் வாயில் நுழையப் பழகிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி, "நம்மளுது டைனோசர்தான் சார், டவுட்டே இல்ல" என்று சொல்லிவைத்தாள். மூன்றாம் மாடியில் மட்டும் தட்டவில்லை. அங்கே மதிவதனி இருந்தாள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். வந்து கல்லை ஒரு நாள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேலே ஏறிப் போனவள். எல்லாரும் கத்தும்போது ஒருத்தர் சும்மா போனால் சந்தேகம் வராதா?

கடைசியில் பொறுக்க முடியாமல் மாடிப்படியிலேயே வழிமறித்தாள்.

"மேடம், டைனோசர்னு ஒண்ணு மெய்யாலுமே இருந்திச்சா?"

"இருந்துச்சுக்கா."

அப்பாடா என்றிருந்தது நாகவல்லிக்கு.

"ஆனா மனுஷன் வர்றதுக்கு ஆறு கோடி வருஷத்துக்கும் முன்னாடியே எல்லாம் செத்துப்போச்சு. நம்ம ஆளு அதைப் பாத்திருக்க வழியே இல்ல."

"பாக்காம எப்டி மேடம் செதுக்குவான்?" வினோத்தின் வார்த்தையையே எடுத்து வீசினாள்.

"கோயில் தூண்ல யாளி பாத்திருக்கீங்கல்ல? சிங்கத்தோட மூஞ்சி, யானையோட தும்பிக்கை. அதை யாரு பாத்தா? வானகரத்துல துணிக்கடை வாசல்ல ஒரு டைனோசர் பொம்மை தலையை ஆட்டிக்கிட்டு நிக்குதே, அதைச் செஞ்சவர் நேர்ல பாத்துட்டா செஞ்சாரு?"

"அவன் சினிமால பாத்திருப்பான்."

"அதேதான்க்கா." மதிவதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செதுக்கினவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு கல்லு சொல்லும். எது உயிரோட இருந்துச்சுன்னு எலும்புதான் சொல்லணும்."

நாகவல்லி சிரிக்கவில்லை. வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், திரும்ப மாற்றினாள்.

"எலும்புக்கு நான் எங்க மேடம் போவேன்? ஞாயித்துக்கெழம உங்களக் கேட்டாங்கன்னா, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்களுக்கு அது கல்லு. எனுக்கு என் புள்ளைக்கு வெளக்கு வெக்கிற எடம்."

பிள்ளை விஷயம் மதிவதனிக்குத் தெரியும். காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள்.

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன்க்கா. கேக்கலேன்னா வாயே திறக்க மாட்டேன். என்னால அவ்வளவுதான் முடியும்."

"அப்ப அது இன்னாதான் மேடம்?"

"பிசுக்கு போனாத்தான் தெரியும்."

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே, "குந்தேன் நாகு. எத்தினி வாட்டி நடப்ப?" என்றான். அவள் அடுப்புக்கும் வாசலுக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம யாரு வண்டி போவுது?" என்று கேட்டாள்.

அவன் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான். அதுவே பதில்.

"உன் கையாலயா? நீ எடுப்பியாய்யா அத்த?"

"நான் இல்லன்னா வேற ஒருத்தன் வருவான். அவன் பக்கெட்ட வுட்டு நெம்பிடுவான். நான்னா சாக்கு சுத்தி, கயிறு கட்டி, அலுங்காம எடுத்துகினு போவேன்." சோற்றைப் பார்த்தபடியேதான் பேசினான். "ஒரு கல்லு எங்க இருந்தா இன்னா நாகு? பிள்ளையார் கோயில்ல வெளக்கு எரியாதா?"

"இப்டித் தன்மையாத்தான் ரோட்டுல நின்னவனும் சொன்னான்" என்றாள் அவள். தங்கவேல் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்து வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வினோத் பட்டாளத்தோடு வந்தான். ஸ்டாண்டில் போன், வட்ட லைட்டு, காலரில் மைக். கையில் ஒரு கேன்.

"இன்னாடா அது?"

"ஆசிட்க்கா. பிசுக்கு போனாத்தான் முதுகுத் தட்டு பளிச்சுனு தெரியும். மூணு லட்சம் பேரு பாப்பாங்க, அழுக்கையா காட்டறது?"

"அம்மா மூஞ்சில ஆசிட் ஊத்துவியா? உங்கம்மா மூஞ்சில ஊத்துடா மொதல்ல!"

கேன் வந்த வழியே திரும்பிப் போனது. ஆனால் பிசுக்கு போக வேண்டும் என்பதில் வினோத் பிடித்த பிடியை விடவில்லை; திருமுருகனும் "நல்லா தெரிஞ்சாத்தானே எல்லாரும் நம்புவாங்க" என்றார். நாகவல்லிக்கு அன்னம்மாளின் குரல் காதில் கேட்டது. சுரண்டினா ரத்தம் வரும். வரட்டும், வேறு வழி? அம்மா இந்த இடத்தை விட்டுப் போவதைவிடத் தோல் போவது மேல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்றாள். வீட்டுக்கு ஓடிப்போய் வெந்நீர், சீயக்காய், தேங்காய் நார், மஞ்சள் எல்லாம் கொண்டுவந்தாள். கண்மலர் இரண்டையும் மெழுகோடு பெயர்த்து, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள். கண் இல்லாத அம்மாவைப் பார்க்க அவளுக்கே கூசியது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுக்ககத்துக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாகவல்லி குடியிருக்கும் பழைய தெருவிலிருந்து, ஆடிதோறும் கூடப் பொங்கல் வைக்கும் அஞ்சலையும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். மதிவதனி கடைசியில், தூணோரம். தங்கவேல் இவர்கள் யாரோடும் சேராமல் கால்வாய் விளிம்பில் நின்றான்.

வெந்நீரை ஊற்றிச் சீயக்காயைப் போட்டு நாரால் தேய்த்தாள். முதலில் கறுப்பாக ஒழுகிற்று, பிறகு மஞ்சளாக, பிறகு சிவப்பாக. அந்தச் சிவப்பை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். வெறும் குங்குமம்தான். மேலும் தேய்த்தாள். முதுகு தெரிந்தது, முக்கோண வரிசை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கூட்டம் கை தட்டியது. வினோத் போனைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்: "பாத்துக்குங்க மக்களே! தட்டு, தட்டு, ஒவ்வொரு தட்டும்!"

திருமுருகன் எழுந்து வந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "அட, ஆமாம்மா. அப்படியே இருக்கே!"

அப்போதுதான் நாகவல்லியின் விரலில் ஏதோ இடறியது. உடம்பின் முன்பக்கத்தில், இத்தனை வருஷமாகக் கண்மலர் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே. நாரால் ஒரு இழுப்பு இழுத்தாள். நீண்ட மூக்கு. மூக்கோரத்தில் மேல்நோக்கி வளைந்த கொம்பு போல ஒரு பல். அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டியிருக்கவில்லை. வேலப்பன்சாவடி குப்பைமேட்டில் பார்க்காத மூக்கா அது? பன்றி. முதுகில் இருப்பதும் தட்டு இல்லை, சிலிர்த்துக்கொண்ட மயிர்.

வினோத்தும் பார்த்துவிட்டான். குனிந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் காதில் மட்டும் கேட்கும்படி, "யக்கா, அந்தப் பக்கம் தேய்க்காத. போதும், எழுந்துடு" என்றான்.

அவள் முதுகு போனை மறைத்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. நாகவல்லி கிண்ணத்திலிருந்து ஒரு கை மஞ்சளை அள்ளி அந்தப் பல்லின் மேல் அப்பினாள். பல் மறைந்தது. அவ்வளவுதான், முடிந்தது. திருமுருகன் பின்னாலிருந்து, "போதும்மா, எல்லாருக்கும் திருப்தி. இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்வது கேட்டது. அவள் ஜெயித்துவிட்டாள். எழுந்து நின்றால் போதும்.

ஆனால் அந்தக் கைக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. துடைத்த படியையே துடைக்கிற கை. வாய் சரி சார் என்று சொல்லும்போதே கை அந்தக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கழுத்தின் நுனியில் வினோத் தலை என்று சொன்ன உருண்டை. உருண்டையில் விரல்கள் தெரிந்தன. நாலு விரல் மடங்கி, கட்டை விரல் மேலே. அது பிடி. பிடிக்குள் ஒரு குத்துவாள், பன்றியின் தோளில் இறங்கியிருந்தது.

கழுத்து என்று ஊரே சொன்னது ஒரு மனிதனின் கை.

கை இருந்தால் ஆள் இருக்க வேண்டுமே. நாகவல்லி கையோடு கூடவே கீழே இறங்கினாள். தோள் வந்தது. பீடம் என்று எல்லாரும் நினைத்திருந்த குங்குமக் கட்டியில் மிச்சமிருந்த வெந்நீரை எல்லாம் ஊற்றி, நாரை எறிந்துவிட்டு நகத்தால் பெயர்த்தாள். கட்டி கட்டியாக விழுந்தது. பக்கவாட்டில் முடிந்த கொண்டை. காது. முகம். மீசை இல்லாத முகம், சின்னப் பையனின் முகம். பன்றியின் பல் அவன் வயிற்றில் இருந்தது. ஒரு கால் நீட்டியிருக்க, இன்னொரு கால் அவனுக்கு அடியிலேயே மடங்கிக் கிடந்தது.

அந்தக் காலைப் பார்த்ததும் அவள் கை நின்றது. போலீஸ்காரர் போனில் காட்டிய படத்தில் அருளின் காலும் இப்படித்தான் மடங்கிக் கிடந்தது. "இது உங்க பையன்தானாம்மா?" என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைப் பார்த்தே ஆமாம் என்று சொல்லியிருந்தாள்.

"யக்கா, லைவ் போய்கினு கீதுக்கா!" வினோத்தின் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"போட்டும்."

வாளியின் அடியில் கிடந்த தண்ணீரை வழித்து, பன்றியின் பல்மேல் தானே அப்பிய மஞ்சளையும் கழுவிவிட்டாள்.

கூட்டத்தில் சலசலப்பு. திருமுருகன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், சுற்றுமுற்றும் தேடி, "மதிவதனி மேடம், இது என்னங்க?" என்று கேட்டே விட்டார்.

மதிவதனி முன்னால் வந்தாள். ஆனால் அவரைப் பார்க்காமல் நாகவல்லியைப் பார்த்தாள்.

"சொல்லு மேடம்" என்றாள் நாகவல்லி.

"நடுகல் சார். பயிரை அழிக்க வந்த காட்டுப்பன்னியோட சண்டை போட்டுச் செத்துப்போனவரா இருக்கும். அவருக்காக ஊர்க்காரங்க நட்ட கல்லு. ஆயிரம் வருஷம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம்."

"அய்யய்ய!" என்று அஞ்சலை வாயில் கை வைத்தாள். "அப்ப இத்தினி வருசமா நம்ம ஆளக் கொன்ன பன்னிக்காடி கண்ணு வெச்சு பொங்கல் வெச்சோம்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வருகிற விஷயம்தானே. நாகவல்லிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தினம் தினம் அவள் கண்ணு கீதா, கண்ணு கீதா என்று பன்றியிடம் சண்டை போட்டிருக்கிறாள். அதன் காலடியில் ஒருத்தன் கண் இல்லாமல், விளக்கில்லாமல், அவர்கள் ஊற்றிய எண்ணெயிலேயே மூழ்கிக் கிடந்திருக்கிறான்.

"இந்தக் கல்ல எங்க மேடம் நடுவாங்க?" என்று கேட்டாள்.

"பெரும்பாலும் ஆள் விழுந்த இடத்துலயே. இல்லேன்னா பக்கத்துல."

"வுழுந்த எடத்துலயே."

"ஆமாக்கா."

திருமுருகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான காரியத்தைச் செய்யும்முன் அவர் அப்படித்தான் செய்வார். "நாகவல்லிம்மா, டைனோசர்னா இங்கேயேன்னு நான் சொன்னேன். இப்ப கமிட்டியில என்னால வாதாட முடியாது. மியூசியத்துக்குச் சொல்லுவோம், இல்லேன்னா கோயிலுக்கு. நாளைக்கு வண்டி வரட்டும்."

"வராது சார்."

சொன்னது நாகவல்லி இல்லை, தங்கவேல். கால்வாய் விளிம்பிலிருந்து வந்து கல்லுக்கு முன்னால் நின்றான். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவன், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் எடுக்க மாட்டேன் சார். வேற வண்டி வந்திச்சின்னா எதிர்ல நான் நிப்பேன். என் புள்ள ரோட்டுல வுழுந்தான். அந்த எடத்துல போயி நிக்க எனுக்கு இன்னி வரைக்கும் தெம்பு இல்ல. இவ மட்டும் செங்கல்ல தூக்கிகினு தூக்கிகினு ஓடினா. நான் போவல." திரும்பிக் கல்லைப் பார்த்தான். "இதுவும் யாரோ ஒருத்தரு புள்ள. அன்னிக்கு அவனப் பெத்தவங்களுக்கு அந்த எடத்தக் குடுத்துக்கிறாங்க. இங்கயாவது நான் நிக்கிறேன் சார்."

வினோத் போனை எடுத்து அணைத்தான். யாரும் சொல்லாமல் அவனாகவே அணைத்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

திருமுருகன் துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தார். வாசலைப் பார்த்தார், மின்கம்பத்தைப் பார்த்தார்.

"வாட்ச்மேன் ரூமை அந்தப் பக்கம் தள்ளினா எஞ்சின் திரும்புமா?" என்று தங்கவேலைக் கேட்டார்.

"தாராளமா திரும்பும் சார். பள்ளம் நானே எடுத்துத் தர்றேன்."

"கமிட்டி என்ன சொல்லுமோ தெரியாது. நான் பேசுறேன். நாளைக்கு வண்டி வேண்டாம்." போகத் திரும்பியவர் நின்றார். "போர்டு வைக்கணும்னா என்னன்னு எழுதுறது? பேர் எதுவும் இருக்கா மேடம்?"

மதிவதனி கல்லைச் சுற்றி வந்து பார்த்தாள். எழுத்து எதுவும் இல்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரோ பெத்த புள்ளன்னு எழுதுங்க சார்" என்றாள் நாகவல்லி.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கண்மலரில் ஒட்டியிருந்த மெழுகை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கி, அந்தப் பையனின் முகத்தில் ஒரு கண்ணை வைத்து அழுத்தினாள். பிறகு இன்னொன்று. ஆயிரம் வருஷம் கழித்து அவன் முழித்துக்கொண்டு எதிரே பார்த்தான்.

"பாத்துக்கோ" என்று சொன்னாள். வேறு சண்டை எதுவும் போடவில்லை.

அகலைத் தேடி எடுத்துப் பன்றியின் பக்கத்திலிருந்து நகர்த்தி, அந்த மடங்கிய காலுக்கு அருகில் வைத்து ஏற்றினாள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டார். நாகவல்லி அதைக் கவனிக்கவில்லை. ஈரத் தரையிலேயே காலை மடக்கிக்கொண்டு, கல்லோடு தோளைச் சாய்த்து உட்கார்ந்தாள். தங்கவேல் பார்த்துக்கொண்டே நின்றான். வெகு நேரம் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.